திக்கிப் பேசியவர் பேச்சாளர் ஆனார்!

குழந்தைகளே! பேச்சுப் போட்டி என்றதும் உங்களில் சிலருக்குக் கை, கால் நடுங்கும். மனப்பாடம் செய்தது எல்லாம் மேடை ஏறியதும் மறந்து போகும். அப்படித்தான் ஒருவர் கூட்டத்தின் முன் திணறினார். எல்லாரும் சிரித்தார்கள். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீடு திரும்பினார். அவரைத்தான் இன்று உலகின் மிகச் சிறந்த பேச்சாளர்களில் ஒருவர் என்று கொண்டாடுகிறோம். அவர் பெயர் டெமாஸ்தனிஸ்.

கி.மு. 384-ஆம் ஆண்டில் கிரேக்க நகரமான ஏதென்ஸில் பிறந்தார் டெமாஸ்தனிஸ். அவருடைய தந்தை வசதியானவர். வாள், கத்தி செய்யும் பட்டறை ஒன்றும், கட்டில் செய்யும் பட்டறை ஒன்றும் வைத்திருந்தார். அங்கே வேலை பார்த்தவர்கள் அடிமைகள். மனிதர்களை விலைக்கு வாங்கி வேலை வாங்கும் கொடுமையான வழக்கம் அக்காலத்தில் இருந்தது.

டெமாஸ்தனிஸுக்கு 7 வயதானபோது தந்தை இறந்துபோனார். தங்கைக்கு அப்போது 5 வயது. பிள்ளைகள் சிறியவர்களாக இருந்ததால், சொத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை மூன்று பேரிடம் தந்தை ஒப்படைத்திருந்தார். இருவர் உறவினர், ஒருவர் நண்பர். சொத்தின் மதிப்பு ஏறக்குறைய 14 டாலன்ட். ஒரு டாலன்ட் என்பது சுமார் 26 கிலோ வெள்ளி. அப்படியானால் மொத்தம் எவ்வளவு என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள்!

18 வயதானதும் டெமாஸ்தனிஸ் கணக்குக் கேட்டான். கைக்கு வந்தது என்ன தெரியுமா? ஒரு வீடு, 14 அடிமைகள், கொஞ்சம் வெள்ளிக் காசு. மொத்தச் சொத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை! தங்கையின் திருமணத்துக்காகத் தந்தை ஒதுக்கிய பணமும் போய்விட்டது.

வக்கீல் வைத்து வழக்குப் போடலாமே என்பீர்கள். ஆனால், ஏதென்ஸில் வக்கீலே கிடையாது! வழக்குப் போட்டவர் தானே நின்று பேச வேண்டும். நம் நாட்டில் இருப்பது போன்ற நீதிபதியும் கிடையாது. 30 வயதைத் தாண்டிய சாதாரணக் குடிமக்களிலிருந்து சீட்டுக் குலுக்கிப் போடுவது போல ஆட்களைத் தேர்ந்தெடுப்பார்கள். வழக்கின் அளவைப் பொறுத்து 201 பேர், 401 பேர், 501 பேர் என்று உட்கார்ந்து கேட்பார்கள். இரு தரப்பும் பேசி முடித்ததும் வாக்களிப்பார்கள். எந்தப் பக்கம் வாக்கு அதிகமோ, அந்தப் பக்கம்தான் வெற்றி.

பேசுவதற்கும் நேரக் கணக்கு உண்டு. அடியில் சிறு துளை உள்ள பானையில் தண்ணீர் ஊற்றி வைப்பார்கள். தண்ணீர் தீர்ந்தால் பேச்சும் தீர்ந்தது! ஏதென்ஸில் மண்ணைத் தோண்டியபோது கிடைத்த இப்படி ஒரு பானை, ஏறக்குறைய 6 நிமிடத்தில் காலியாகிவிடும்.

இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். பெண்கள் நீதிமன்றத்தில் தங்களுக்காக வழக்காட முடியாது. பணத்தை இழந்த அம்மாவுக்கும் தங்கைக்கும் சேர்த்து டெமாஸ்தனிஸ் ஒருவன்தான் பேசியாக வேண்டும்.

சொத்து வழக்குகளில் கெட்டிக்காரரான இசேயஸ் என்பவரிடம் அவன் பாடம் கற்றான். கணக்குகளைத் தேடி எடுத்தான். சாட்சிகளைத் திரட்டினான். 20 வயதில், மூவரில் ஒருவரான அபோபஸ் மீது வழக்குத் தொடுத்தான். வெற்றியும் பெற்றான்! 10 டாலன்ட் தர வேண்டும் என்று தீர்ப்பானது. ஆனால், அபோபஸ் பல தந்திரங்கள் செய்ததால், அதில் ஒரு பகுதியை மட்டுமே வாங்க முடிந்தது.

பணம் முழுமையாக வராவிட்டாலும் ஒரு தொழில் கைவந்தது. வழக்கில் சிக்கியவர்கள் அவரிடம் வந்து உரை எழுதி வாங்கிப் போனார்கள். அவர்கள் அதை மனப்பாடம் செய்து நீதிமன்றத்தில் பேசுவார்கள்.

அடுத்து, மக்கள் மன்றத்தில் பேச ஆசைப்பட்டார் டெமாஸ்தனிஸ். ஏதென்ஸை அரசர் ஆளவில்லை. ஊருக்குள் இருந்த பினிக்ஸ் என்ற குன்றின் மேல் ஆண்டுக்குச் சுமார் 40 முறை குடிமக்கள் கூடுவார்கள். போரா, சமாதானமா, வரி எவ்வளவு என்று எல்லாவற்றையும் கையை உயர்த்தி முடிவு செய்வார்கள். குடிமகன் யாரும் எழுந்து பேசலாம். பெண்களுக்கும் அடிமைகளுக்கும் வெளியூர்க்காரர்களுக்கும் மட்டும் அங்கே இடமில்லை.

அந்தப் பெருங்கூட்டத்தின் முன்தான் டெமாஸ்தனிஸ் திணறினார். குரலில் வலு இல்லை. நாக்கு திக்கியது. நடுவில் மூச்சு வாங்கியது. கூட்டம் கேலி செய்தது.

அவர் சும்மா இருந்துவிடவில்லை. வாயில் கூழாங்கற்களைப் போட்டுக்கொண்டு தெளிவாகப் பேசிப் பழகினார். மூச்சை வளர்க்க, மேட்டில் ஏறிக்கொண்டே உரைகளைச் சொன்னார். வெளியே போகும் ஆசை வரக்கூடாது என்று தலையில் பாதியை மட்டும் மழித்துக்கொண்டு, நிலவறையில் மாதக்கணக்கில் பயிற்சி செய்தாராம். பல நூற்றாண்டுகளுக்குப் பின் வாழ்ந்த புளூட்டார்க் என்ற எழுத்தாளர் இவற்றை எழுதி வைத்திருக்கிறார்.

இவ்வளவு பயிற்சியும் எதற்குப் பயன்பட்டது? ஏதென்ஸுக்கு வடக்கே மாசிடோனியா என்ற நாடு. கி.மு. 359-இல் அங்கே ஆட்சிக்கு வந்தார் பிலிப். மாவீரன் அலெக்சாண்டரின் தந்தை இவர்தான். ஒவ்வொரு நகரமாகப் பிடித்துக்கொண்டு வந்தார். ஏதென்ஸ் மக்களோ அது எங்கோ நடப்பது என்று அசட்டையாக இருந்தார்கள். கி.மு. 351-இல் டெமாஸ்தனிஸ் எழுந்தார். கூலிப்படையை மட்டும் நம்பாதீர்கள், நீங்களும் போருக்குக் கிளம்புங்கள் என்று வற்புறுத்தினார். யாரும் உடனே கேட்கவில்லை. கி.மு. 348-இல், ஏதென்ஸிடம் உதவி கேட்ட ஒலிந்தஸ் நகரத்தைப் பிலிப் தரைமட்டமாக்கினார்.

அதன் பிறகும் டெமாஸ்தனிஸ் பேசிக்கொண்டே இருந்தார். கடைசியில், பழைய பகையை மறந்து தீப்ஸ் நகரத்தையும் ஏதென்ஸுடன் சேர வைத்தார். கி.மு. 338-இல் கெரோனியா என்ற இடத்தில் போர் நடந்தது. அவரும் சாதாரணச் சிப்பாயாகப் போர்க்களம் போனார். ஆனால், பிலிப்தான் வென்றார்.

தோல்விக்குக் காரணம் டெமாஸ்தனிஸ்தான் என்று எதிரிகள் பழி சுமத்தினார்கள். மக்களோ, போரில் இறந்தவர்களுக்கு அஞ்சலி உரை ஆற்ற அவரையே தேர்ந்தெடுத்தார்கள். அவருக்குத் தங்கக் கிரீடம் சூட்ட வேண்டும் என்று ஒருவர் தீர்மானம் கொண்டு வந்தார். அது சட்டத்துக்கு விரோதம் என்று ஏஸ்கினிஸ் வழக்குப் போட்டார். இவர் முன்னாள் நாடக நடிகர். கணீர்க் குரல் படைத்தவர்.

கி.மு. 330-இல் விசாரணை வந்தது. தோற்றுப் போனதாலேயே தான் சொன்ன யோசனை தவறாகிவிடாது, சுதந்திரத்துக்காகப் போராடியது சரிதான் என்று வாதாடினார் டெமாஸ்தனிஸ். ஏஸ்கினிஸுக்கு ஐந்தில் ஒரு பங்கு வாக்குகூட விழவில்லை. அவர் ஊரை விட்டே போய்விட்டார்.

டெமாஸ்தனிஸ் குறையே இல்லாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். கி.மு. 324-இல், அலெக்சாண்டரின் பொருளாளர் ஹார்பலஸ் பெரும்பணத்துடன் ஏதென்ஸுக்கு ஓடி வந்தார். அதில் 20 டாலன்ட்டை டெமாஸ்தனிஸ் எடுத்துக்கொண்டார் என்று குற்றம் சாட்டப்பட்டது. நீதிமன்றம் அவருக்கு 50 டாலன்ட் அபராதம் விதித்தது. கட்ட முடியாமல் சிறைக்குப் போனார். அங்கிருந்து தப்பி ஓடினார். அவர் உண்மையிலேயே குற்றவாளியா என்று வரலாற்று அறிஞர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். எவ்வளவு பெரிய தலைவரானாலும் ஏதென்ஸில் மக்கள் முன் நின்று கணக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும்!

கி.மு. 323-இல் அலெக்சாண்டர் இறந்ததும் ஏதென்ஸ் மீண்டும் போருக்கு எழுந்தது. டெமாஸ்தனிஸையும் மரியாதையோடு திரும்ப அழைத்தது. ஆனால், அடுத்த ஆண்டே மாசிடோனியா வென்றுவிட்டது. அதன் தளபதி ஆன்டிபேட்டர் ஏழைக் குடிமக்களின் வாக்குரிமையைப் பறித்தார். டெமாஸ்தனிஸுக்கு மரண தண்டனை அறிவிக்கப்பட்டது. கலௌரியா தீவில் இருந்த கோயிலில் அடைக்கலம் புகுந்தவரை வீரர்கள் தேடி வந்தார்கள். எதிரியின் கையில் சிக்காமல் அங்கேயே நஞ்சருந்தி உயிர் துறந்தார்.

ஏறக்குறைய 40 ஆண்டுகள் கழித்து, ஏதென்ஸ் மக்கள் அவருக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். ரோம் நாட்டின் பெரும் பேச்சாளர் சிசரோ, மார்க் ஆண்டனியைக் கண்டித்துப் பேசிய தன் உரைகளுக்கு, பிலிப்பை எதிர்த்த டெமாஸ்தனிஸ் உரைகளின் பெயரையே சூட்டினார். இன்றும் ஆங்கிலத்தில் கடுமையான கண்டன உரையைப் 'பிலிப்பிக்' என்பார்கள்.

அடுத்த முறை மேடையில் நாக்குக் குழறினால் கலங்காதீர்கள், குழந்தைகளே! கூழாங்கல்லை மட்டும் வாயில் போட்டுவிடாதீர்கள், தொண்டையில் சிக்கிக்கொள்ளும். கண்ணாடி முன் நின்று தினமும் சத்தமாகப் படித்துப் பழகுங்கள், போதும். உங்களுக்கோ, உங்களுக்காகப் பேச ஆளில்லாதவர்களுக்கோ அநியாயம் நடந்தால், அப்போது அந்தக் குரல் கைகொடுக்கும்.