நாடகத் தந்தை பம்மல் சம்பந்த முதலியார்



இந்த மாதச் சுவர் இதழுக்கு, மறைந்த பெரியவர் ஒருவரின் வாழ்க்கையை எழுதச் சொல்லி தமிழ் ஐயா சொன்னார்கள். எங்க வகுப்பில் பாதிப் பேர் காந்தி, நேரு, பாரதியார்னு எடுத்துக்கிட்டாங்க. நான் பம்மல் சம்பந்த முதலியாரை எடுத்திருக்கேன். ஏன் எடுத்தேன்னு கடைசியில் சொல்கிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

இவர் 1873 ஆம் ஆண்டு பிப்ரவரி 1 ஆம் தேதி சென்னையில் பிறந்தார். அப்பா பெயர் விஜயரங்க முதலியார். அம்மா பெயர் மாணிக்கவேலு அம்மாள். பம்மல் என்பது சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர்.

ஆச்சரியம் என்னன்னா, சின்ன வயசில் இவருக்குத் தமிழ் நாடகம்னாலே பிடிக்காதாம். அந்தக் காலத்தில் நாடகம்னா விடிய விடிய நடக்கும். பேச்சு கொஞ்சம்தான், பாட்டுதான் அதிகம். நடிக்கிறவங்களைக் கூத்தாடின்னு கேவலமாப் பேசுவாங்க. படித்தவங்க அந்தப் பக்கமே போக மாட்டாங்க. நம்ம முதலியாரும் அப்படித்தான் இருந்தார்.

1891 ஆம் ஆண்டு அவருக்கு 18 வயது. பல்லாரியில் இருந்து கிருஷ்ணமாச்சார்லு என்பவர் தன் சபையோடு சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகம் போட்டார். அதில் நடித்தவங்க எல்லாம் படித்தவங்க, உத்தியோகத்தில் இருந்தவங்க. அதைப் பார்த்த முதலியாருக்கு மனசே மாறிவிட்டது. தெலுங்கில் முடியும்னா தமிழில் ஏன் முடியாதுன்னு நினைத்தார். நினைத்ததோடு நிற்கவில்லை. அதே வருஷம் ஜூலை 1 ஆம் தேதி நண்பர்களோடு சேர்ந்து சுகுண விலாச சபையைத் தொடங்கிவிட்டார். நம்ம அண்ணன்மார் பன்னிரண்டாவது முடிக்கிற வயசு அது!

இந்தச் சபையில் யாரும் பிழைப்புக்காக நடிக்கவில்லை. பகலில் அவங்கவங்க வேலையைப் பார்த்துவிட்டு, கலைக்காக நடித்தார்கள். விடுதலைப் போராட்ட வீரர் சத்தியமூர்த்தியும் இதில் நடித்தவர்தான். சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் விக்டோரியா பப்ளிக் ஹால்னு ஒரு சிவப்புக் கட்டிடம் இருக்கு. அங்கே இவங்க நாடகங்கள் நடந்தன. வெளியூர்களுக்கும், கடல் தாண்டி இலங்கைக்கும் போய் நடித்தார்கள்.

முதலியார் சட்டம் படித்து வக்கீல் ஆனார். 1924 முதல் 1928 வரை சென்னையில் நீதிபதியாகவும் இருந்தார். கோர்ட்டில் வக்கீல், மேடையில் ராஜா! இரண்டையும் அவர் விடவில்லை. வக்கீல் நடிக்கலாமான்னு கேட்ட ஊர், கொஞ்சம் கொஞ்சமா டிக்கெட் வாங்கிப் பார்க்க ஆரம்பித்தது.

இவர் எழுதிய நாடகங்கள் 90-க்கும் மேல். பாட்டைக் குறைத்து வசனத்தைக் கொண்டுவந்தார். மனோகரா என்ற நாடகத்தில் மனோகரனாக இவரே நடித்தார். அதில் இளவரசன் சங்கிலியை அறுக்கிற காட்சி ரொம்பப் பேர் பெற்றது. அந்தக் கதை 1954 இல் சிவாஜி கணேசன் நடித்துப் படமாக வந்தது. சபாபதின்னு ஒரு சிரிப்பு நாடகம். அதில் எஜமானுக்கும் சபாபதிதான் பேர், வேலைக்காரனுக்கும் சபாபதிதான் பேர். அது 1941 இல் ஏ.வி.எம். எடுத்த படம். எங்க ஆச்சி டிவியில் பார்த்து விழுந்து விழுந்து சிரிப்பாங்க. ஷேக்ஸ்பியர் நாடகங்களையும் தமிழுக்குக் கொண்டுவந்தார். ஹாம்லெட் இவர் கையில் அமலாதித்யன் ஆனார்.

நாடகம் மட்டும்தான் எழுதினார்னு நினைக்காதீங்க. பழைய காலத்து நாடகம் பற்றி நாடகத் தமிழ் எழுதினார். தான் பார்த்த நடிகர்களைப் பற்றி நான் கண்ட நாடகக் கலைஞர்கள் எழுதினார். நடிப்பை எப்படிக் கற்றுக்கொள்வதுன்னு ஒரு நூல், சினிமா அனுபவங்கள் பற்றி ஒரு நூல், சிவன் கோயில்கள் பற்றி நூல்கள், சிறுகதைகள், சிரிப்புக் கதைகள்னு வரிசையா இருக்கு. எல்லாத்துக்கும் மேலே, நாடக மேடை நினைவுகள். இது ஆறு பாகம். முதலில் சுதேசமித்திரன் பத்திரிகையில் வந்தது. இதில் தன் வெற்றியை மட்டும் எழுதவில்லை. செய்த தப்பையும் மறைக்காமல் எழுதியிருக்கார். அப்போது பெண் வேஷத்தையும் ஆண்களே போட்டார்கள். இவரோடு கதாநாயகி வேஷம் போட்டவர் இவருடைய உயிர் நண்பர் ரங்கவடிவேலு. அவர் இறந்த துக்கத்தையும் எழுதியிருக்கார்.

1959 இல் இந்திய அரசு இவருக்குப் பத்மபூஷண் விருது கொடுத்தது. 1964 ஆம் ஆண்டு செப்டம்பர் 24 ஆம் தேதி, 91 வயதில் காலமானார். இவர் நூல்கள் நாட்டுடைமை ஆக்கப்பட்டிருக்கு. அதனால் யாரும் காசில்லாமல் படிக்கலாம்.

இப்போ ஏன் இவரை எடுத்தேன்னு சொல்கிறேன். எங்க தாத்தா இளவயசில் ராஜபார்ட் வேஷம் போட்டவங்க. நம்ம பக்கத்துக் கோயில் கொடைகளில் வள்ளி திருமணம் நாடகத்தில் எல்லாம் நடிச்சிருக்காங்க. ஆனா வீட்டில் அதை யாரும் பேச மாட்டாங்க. கூத்தாடி வீடுன்னு சொல்லி எங்க பெரிய அத்தைக்கு வந்த ஒரு சம்பந்தம் தட்டிப்போச்சாம். அதிலிருந்து தாத்தா ஆர்மோனியச் சத்தம் கேட்டாலே எழுந்து போயிருவாங்க.

ஆண்டு விழா நாடகத்தில் எனக்கு ஒரு வேஷம் கிடைச்சது. வீட்டில் கேட்டதும் அப்பா வேண்டாம்னுட்டாங்க. நான் ரெண்டு நாள் அழுதேன். அப்புறம் நூலகத்தில் நாடக மேடை நினைவுகள் எடுத்து வந்து, தாத்தாவுக்குக் கண் சரியாத் தெரியாததால் சாயங்காலம் வாசிச்சுக் காட்டினேன். முதல் நாள் எழுந்து போயிட்டாங்க. இரண்டாம் நாள் கேட்டாங்க. மூணாம் நாள், ஒரு நீதிபதி நடிச்சிருக்காரான்னு மறுபடி மறுபடி கேட்டாங்க. அன்னைக்கு ராத்திரி அப்பாவைக் கூப்பிட்டு, தான் செய்தது திருட்டு இல்லைன்னு மட்டும் சொன்னாங்க. தாத்தா அவ்வளவு சத்தமாப் பேசி நான் கேட்டதே இல்லை.

அப்பா இன்னும் சரின்னு சொல்லலை. இருட்டுறதுக்குள்ளே வீட்டுக்கு வரணும்னா ஒத்திகைக்குப் போ, மத்ததை அப்புறம் பார்ப்போம்னு சொல்லியிருக்காங்க. எனக்கு அது போதும். வசனத்தைத் தாத்தாவே கேட்டுத் திருத்துறாங்க.

தோழர்களே, உங்க வீட்டிலும் வேஷம் கட்டின தாத்தா, கும்மிப் பாட்டுக் கட்டின ஆச்சி இருக்கலாம். அவங்ககிட்ட உட்கார்ந்து கேளுங்க. முதலியார் எழுதி வைத்ததால்தான் 1891 இல் நடந்தது நமக்குத் தெரியுது. நம்ம ஊர்க் கதையை நாமதான் எழுதி வைக்கணும்.

பிழை இருந்தால் மன்னிக்கவும். 

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி,
மேலநீலிதநல்லூர்.