எட்டில் மூன்று அங்குலம்

மெட்ராலஜி லேப்ல வெர்னியரைக் கையில வச்சுக்கிட்டு, அரை மில்லிமீட்டருக்கா இவ்வளவு அலப்பறைன்னு நாம எல்லாருமே ஒரு தடவையாவது சலிச்சிருப்போம். அந்த மாதிரி ஒரு சின்ன இடைவெளியைக் கவனித்ததற்காகவே இன்றும் பேசப்படுகிற ஒரு ஆள் இருக்கிறார். இன்ஜினியர் இல்லை, பாதிரியார். பெயர் லொரென்சோ லாங்ஸ்ட்ராத்.

1810 டிசம்பர் 25 அன்று அமெரிக்காவின் பிலடெல்பியாவில் பிறந்தார். சின்ன வயசுல மண்டி போட்டு எறும்பு பார்த்தே கால்சட்டையைக் கிழித்த பையன். வீட்டில் திட்டு. யேல் கல்லூரியில் படித்து, அங்கேயே கொஞ்ச நாள் கணக்கும் சொல்லிக் கொடுத்து, பிறகு மாசசூசெட்ஸ் பக்கம் ஆண்டோவரில் சபைப் பொறுப்பு ஏற்றார். 1838-ல் ஒரு நண்பர் வீட்டு மேஜை மேல் கண்ணாடிக் குடுவையில் தேனடையைப் பார்த்தார். அன்றைக்குத் தேனீ வளர்க்கும் ஆசை பிடித்துக்கொண்டது, ரெண்டு கூட்டம் வாங்கிக்கொண்டுதான் வீடு திரும்பினார்.

இன்னொன்றும் அவர் கூடவே இருந்தது. மன அழுத்தம். நாம சும்மா சொல்ற டிப்ரஷன் இல்லை. மாசக்கணக்கில் யாரோடும் பேசாமல், எதையும் தொட முடியாமல் முடங்கிப் போவார். இதனால் சபை வேலையைத் திரும்பத் திரும்ப விட வேண்டியிருந்தது. வெளியில் நடந்து, உடம்பை அசைத்து வேலை செய்தால் கொஞ்சம் தேவலை என்று தேனீப் பக்கம் அதிகமாகப் போக ஆரம்பித்தார்.

இப்ப அந்த ஊர்த் தேனீயோட பிரச்சினைக்கு வருவோம். அங்கே குளிர்காலத்தில் மாதக்கணக்கில் ஒரு பூ கிடையாது. தேனீக்கள் பந்து மாதிரி ஒன்றோடொன்று ஒட்டி, தசையை நடுக்கிச் சூடு உண்டாக்கி, சேர்த்து வைத்த தேனைச் சாப்பிட்டு உயிர் பிடித்திருக்கும். குளிரின் உச்சத்தில்தான் நிறைய கூட்டம் சாகும் என்று நினைப்போம். ஆனால் பெரிய கண்டம் வசந்தத்தின் தொடக்கம்தான். பனி விலகும் முன்பே ராணி முட்டை வைக்கத் தொடங்கிவிடும். புழுக்களுக்குக் கிட்டத்தட்ட 35 டிகிரி சூடு வேண்டும், அதற்கு மேலும் மேலும் தேன் எரியும். வில்லோவும் மேப்பிளும் முதலில் பூக்கும். மகரந்தம் கண்ணுக்கு முன்னால் இருக்கும். ஆனால் ஒரு வாரம் மழையும் குளிரும் சேர்ந்து வந்தால் தேனீயால் வெளியே போக முடியாது. பூத்த மரத்தடியிலேயே கூட்டம் பட்டினியில் செத்துவிடும்.

ஆகவே முதல் பூ வரும்போதே பெட்டியைத் திறந்து பார்க்கணும். ராணி இருக்கிறதா, முட்டை இருக்கிறதா, தேன் எவ்வளவு மிச்சம்? அன்றைய பெட்டியில் அதுதான் முடியாது. வைக்கோல் கூடை, இல்லாவிட்டால் வெறும் மரப்பெட்டி. அடைகள் சுவரோடு ஒட்டியிருக்கும், பார்க்கணும்னா கத்தியால் அறுக்கணும். பெட்டியைத் தூக்கி எடையை ஊகிப்பதோடு பரிசோதனை முடிந்தது. தேன் எடுக்க வேண்டுமென்றால் பலர் கந்தகப் புகை போட்டுக் கூட்டத்தையே கொன்றார்கள்.

லாங்ஸ்ட்ராத் தன் பெட்டியில் அடை தொங்கும் குச்சிகளுக்கும் மேல் மூடிக்கும் நடுவே எட்டில் மூன்று அங்குலம், அதாவது சுமார் 9.5 மில்லிமீட்டர், இடம் விட்டுப் பார்த்தார். மூடி ஒட்டவில்லை. இடைவெளி இதைவிட ரொம்பக் குறைந்தால் தேனீ பிசின் வைத்து அடைத்துவிடும், கூடினால் அங்கேயே அடை கட்டிவிடும். சரியாக இருந்தால் நடைபாதையாக விட்டுவிடும். 1851 அக்டோபர் கடைசியில், பிலடெல்பியாவில் தேனீக்கள் இருந்த இடத்திலிருந்து வீட்டுக்குத் திரும்பும்போது பொறி தட்டியது. மேலே மட்டும் ஏன்? குச்சியை நாலு பக்கச் சட்டமாக்கி, சுவரைச் சுற்றியும் அதே இடைவெளியை விட்டால்? எந்தச் சட்டமும் எங்கேயும் ஒட்டாது. புத்தகத்தை அலமாரியிலிருந்து உருவுவது போல அடையை வெளியே எடுக்கலாம்.

அவ்வளவுதான் டிசைன். இதற்கு ஒரு மோட்டார் வேண்டாம், ஸ்பிரிங் வேண்டாம். ஆனால் அதற்குப் பிறகு வசந்தகால வேலையே மாறியது. வெயில் அடிக்கிற ஒரு மதியம் திறந்து, அடித்தட்டில் குவிந்த செத்த தேனீக்களைத் துடைத்து, தேன் அதிகமுள்ள கூட்டத்திலிருந்து ஒரு சட்டத்தை எடுத்துப் பசியில் இருக்கும் கூட்டத்துக்குக் கொடுக்கலாம். ராணி இல்லாத கூட்டத்தை வேறொன்றோடு சேர்க்கலாம். ஆப்பிள் பூக்கும்போது பெட்டி நிறைய வேலைக்காரத் தேனீ தயாராக இருக்கும்.

1852-ல் காப்புரிமை வாங்கினார், 1853-ல் புத்தகம் எழுதினார். காசு? அதை மட்டும் கேட்காதீங்க. ஒரு தச்சன் அரை நாளில் செய்துவிடக்கூடிய பொருளுக்குக் காப்புரிமையை எப்படிக் காப்பாற்றுவது? ஆளாளுக்கு காப்பி அடித்தார்கள். வழக்கு போட்டுப் பார்த்து, கையில் இருந்ததும் போனது. காப்பி அடித்தவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை, ஆனால் அவருக்குச் சேர வேண்டியது சேரவில்லை என்பது நிஜம்.

1858-ல் ஒஹாயோவின் ஆக்ஸ்ஃபோர்டுக்குக் குடிபெயர்ந்து, வீட்டைச் சுற்றித் தேனீக்காகவே மரமும் பூச்செடியும் வைத்தார். இத்தாலிய ராணிகளை வரவழைத்து வளர்த்து விற்றார். உடன் உழைத்த மகன் 1870-ல் இறந்தார். மூன்று வருடத்தில் மனைவி ஆனும் போனார். மன அழுத்தம் வரும்போதெல்லாம் தேனீயைக் கண்கொண்டு பார்க்கவே பிடிக்காது. தெளிந்ததும் விட்ட இடத்திலிருந்து மறுபடி பெட்டியைத் திறப்பார்.

1895 அக்டோபர் 6, டேட்டனில் ஒரு தேவாலயத்தில் பிரசங்கம் செய்ய எழுந்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே உயிர் பிரிந்தது. வயது 84.