வித்தியா விசாரிணி ஆசிரியர் நாகூர் குலாம் காதிறு நாவலர்

சூலியா தெருவும் கிங் தெருவும் கூடும் மூலையில் இருக்கும் நாகூர் தர்காவை நம்மில் யாருக்கும் வழிகாட்டத் தேவையில்லை. சுவரை ஒட்டிய சிறு கடைகளில் சாமான் வாங்கியிருப்போம். உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பாத்திஹாவுக்குப் போயிருப்போம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுந்த இடம் அது. ஆனால் நாயகம் அவர்கள் அடங்கியிருப்பது தமிழ்நாட்டு நாகூரில். இங்கே இருப்பது அவர்களின் நினைவுக்காக எழுப்பப்பட்டது. கடல் தாண்டி வந்தவர்கள் ஏன் ஊரின் தர்காவையும் கூடவே கொண்டுவந்தார்கள் என்று நம் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் சிரிப்புதான் பதில். பிள்ளைகளை மட்டும் குறை சொல்வானேன், நமக்கே பாதிதான் தெரியும்.

இந்தப் பொன்விழா மலருக்காக நம் உறுப்பினர் வீடுகளில் பழைய படங்களும் நூல்களும் இருந்தால் கொடுத்து உதவுங்கள் என்று கேட்டிருந்தோம். படங்கள் நிறைய வந்தன. நூல்கள் குறைவு. வந்தவற்றில் ஒன்று மேலட்டை போய், கரையான் தின்றது போக மிச்சமிருந்த கன்ஜுல் கராமத்து. நாகூர் நாயகம் அவர்களின் வாழ்வையும் கராமத்துகளையும் சொல்லும் உரைநடை நூல். அதன் ஆசிரியர் யாரென்று கொண்டுவந்த வீட்டாருக்குத் தெரியவில்லை. ஒரு காலத்தில் இதே பினாங்கில் இருந்து தமிழ்ப் பத்திரிகை நடத்தியவர் அவர் என்று சொன்னதும் அவர்கள் முகம் மாறியதைப் பார்த்தோம். அவரைப் பற்றித்தான் இக்கட்டுரை.

குலாம் காதிறு நாவலர் 1833ஆம் ஆண்டு நாகூரில் பிறந்தார். தந்தையார் பெயர் வாப்பு ராவுத்தர். கடற்கரை ஊர்களில் அந்நாளில் பிள்ளைகள் மதரசாவில் ஓதிய கையோடு திண்ணைப் பள்ளியில் தமிழும் படித்தார்கள். ஆனால் இவருக்கு அந்தத் தமிழ் போதவில்லை. ஊரில் கற்கக் கூடியதைக் கற்றுவிட்டு, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டார். திருவாவடுதுறை ஆதீன வித்துவானாக விளங்கிய பிள்ளையவர்கள், சமயம் பார்த்து மாணவரைச் சேர்த்தவர் அல்லர். சைவர்களோடு கிறிஸ்தவரான சவராயலு நாயகரும், முஸ்லிமான நம் நாவலரும் அவரிடம் படித்தார்கள். பிற்காலத்தில் ஊர் ஊராக ஏடு தேடிப் போய்ச் சங்க நூல்களை அச்சேற்றிய உ. வே. சாமிநாதையர் அதே ஆசிரியரின் மாணவர். நாவலருக்கு இருபத்திரண்டு வயது இளையவர்.

இதை நாம் சற்று அழுத்தித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. தமிழ் வேறு, இஸ்லாம் வேறு என்ற எண்ணம் நம் வீடுகளிலும் எப்படியோ நுழைந்துவிட்டது. நாவலர் காலத்தில் அப்படி ஒரு கேள்வியே இல்லை. உமறுப் புலவர் சீறாப்புராணம் பாடி நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. ஓலைச்சுவடியில் கிடந்த அந்தக் காப்பியத்தைச் செய்கப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் 1842இல் அச்சில் கொண்டுவந்தபோது நாவலருக்கு ஒன்பது வயது. சுவடியில் இருந்தால் செல்லுக்கு, அச்சில் இருந்தால் ஊருக்கு என்பதை அந்தத் தலைமுறை கண்ணால் பார்த்து வளர்ந்தது.

நாவலர் பினாங்குக்கு வந்தது ஐம்பது வயதில். நம் பெரியவர்கள் ரஜுலா கப்பலையும் எம். வி. சிதம்பரத்தையும் பற்றிச் சொல்லக் கேட்டிருக்கிறோம். அவற்றுக்கெல்லாம் நெடுங்காலம் முந்திய பயணம் அது. நாகூரிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் சபராளிகள் துணியும் பிற சரக்கும் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கிய காலம். 1786இல் பிரான்சிஸ் லைட் இந்தத் தீவில் குடியேற்றம் தொடங்கிய நாள் முதல் நம்மவர்கள் இங்கே இருக்கிறார்கள். கபித்தான் கெலிங் பள்ளிவாசல் 1801இல் தோன்றியது. எண்பது ஆண்டுகளில் பள்ளிவாசல்கள் வந்தன, தர்கா வந்தது, கடைகளும் சொத்துகளும் வந்தன. இவ்வளவு பேர் வாழ்ந்த வாழ்க்கையை எழுதி வைக்க ஓர் ஏடு வேண்டாமா?

1883இல் வித்தியா விசாரிணி என்னும் தமிழ்ப் பத்திரிகையை நாவலர் பினாங்கில் நடத்தினார். பெயரிலேயே கல்வியைத் தேடி ஆராய்வது என்ற பொருள் இருக்கிறது. அந்தப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் கடலின் இருகரையிலும் தமிழ் முஸ்லிம்களின் கையில் அச்சு இயந்திரம் எப்படி ஓடியது என்று நினைத்தால் வியப்பாக இருக்கிறது. சிங்கப்பூரில் 1876இல் தொடங்கிய ஜாவி பெரானாக்கான் என்னும் மலாய்ப் பத்திரிகையை நடத்தியவர்கள், நம்மவரும் மலாய்க்காரரும் மணந்து உண்டான ஜாவி பெரானாக்கான் சமூகத்தவர்கள். கொழும்பில் சித்தி லெப்பை 1882இல் முஸ்லிம் நேசனைத் தொடங்கினார். மறு ஆண்டு இங்கே வித்தியா விசாரிணி. 1887இல் சிங்கப்பூரில் மகுதூம் சாயபுவின் சிங்கை நேசன். ஒரு துறைமுகத்தில் அச்சான ஏடு அடுத்த துறைமுகத்தில் படிக்கப்பட்டது. அதற்கு மறுப்பு எழுதியவர் மூன்றாவது துறைமுகத்தில் இருந்தார். பிற்பாடு வித்தியா விசாரிணி நாகூரிலிருந்தும் வெளிவந்தது. ஆசிரியர் கடல் தாண்டியபோது பத்திரிகையும் கூடவே தாண்டியது.

ஒரு தமிழ்ப் பத்திரிகையை அப்போது நடத்துவது இலேசான காரியமல்ல. ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்க வேண்டும். உயிர்மெய் எல்லாம் சேர்த்தால் ஆங்கிலத்தைவிட அதிக அறைகள் எழுத்துப் பெட்டிக்கு வேண்டும். அடுக்கத் தெரிந்தவரை ஊரிலிருந்துதான் வரவழைக்க வேண்டும். சந்தா எழுதிக் கொடுத்தவர்களில் எத்தனை பேர் பணம் கட்டுவார்கள் என்பது இந்தக் காலத்துச் சங்கப் பொருளாளர்களுக்கும் தெரிந்த கதைதான்.

அதே 1880களில் நம் பினாங்கில் வேறொன்றும் நடந்துகொண்டிருந்தது. பார்சி நாடகக் குழுக்கள் கப்பலில் வந்து ஆடிய ஆட்டத்தைப் பார்த்து, மாமாக் புஷி என்பவர் மலாய் மொழியில் பங்சாவான் நாடகக் குழுவைக் கட்டினார். முஹர்ரம் நாட்களில் போரியா குழுக்கள் தெருத்தெருவாகப் பாடிப் போயின. மதராஸ் பட்டாளத்துச் சிப்பாய்களோடு 1845இல் அது இங்கே வந்தது என்பார்கள். தமிழிலும் நமக்கு நாடகம் உண்டு. வண்ணக்களஞ்சியப் புலவரின் அலிபாதுஷா நாடகம் அதற்கு ஒரு சாட்சி. மேடையில் கேட்ட கதை மனத்தில் ஒட்டிக்கொள்வதுபோல ஏட்டில் படித்தது ஒட்டாது என்பது உண்மை. ஆனால் ஆடியவர் போனால் ஆட்டமும் போய்விடுகிறது. அன்று ஆடிப் பாடிய எத்தனையோ நாடகங்களின் பெயர்கூட இன்று நமக்கு மிஞ்சவில்லை. அச்சேறிய அலிபாதுஷா மிஞ்சியிருக்கிறது.

நாவலர் இரண்டையும் அறிந்தவர் என்றே நமக்குப் படுகிறது. அவருடைய செய்யுள் நூல்கள் தனியே உட்கார்ந்து படிப்பதற்கு மட்டும் எழுதியவை அல்ல. புராணம் என்றால் சபை கூட்டிப் பாட்டுப் பாட்டாகச் சொல்லி, பொருள் விரித்து, கேட்பவர் ஐயத்துக்கு விடை தந்து அரங்கேற்றுவது அக்கால வழக்கம். அரங்கேற்றம் என்ற சொல்லிலேயே மேடை இருக்கிறது. மாலை என்றால் பெண்கள் இராகம் போட்டு வீட்டில் ஓதுவது. அந்த ஓசையைக் கேட்டு வளர்ந்த பாட்டிமார் நம்மில் சிலருக்கு இருந்தார்கள். எழுத்து வாசிக்கத் தெரியாமலேயே மாலை முழுவதும் அவர்கள் நாவில் இருந்தது.

1893இல் நாகூர்ப் புராணம் வந்தது. நாகூர்க் கலம்பகம், தர்கா மாலை, திருமக்காத் திரிபந்தாதி என்று இன்னும் பல. நாகூர் நாயகம் அவர்களின் குருவான முஹம்மது கௌஸ் அவர்கள் குவாலியரில் அடங்கியிருக்கிறார்கள். இசை மேதை தான்சேனின் சமாதி அவர்களுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அந்தக் குருவின் மீது நாவலர் குவாலீர்க் கலம்பகம் பாடினார். வட நாட்டுப் பெரியார் ஒருவருக்குத் தமிழில் கலம்பகம்! ஷாஹுல் ஹமீது நாயகம் அவர்களே வடக்கே மாணிக்கப்பூரில் பிறந்து, பல நாடு சுற்றிப் பதினாறாம் நூற்றாண்டில் நாகூரில் வந்து தங்கியவர்கள். நாயகம் வந்த வழியை நாவலர் பின்னோக்கிப் போய்ப் பாடியிருக்கிறார். ரிபாயி ஆண்டகை அவர்களின் சரித்திரத்தை ஆரிபு நாயகம் என்னும் காப்பியமாக 1896இல் வெளியிட்டார்.

புலவர் என்றால் பழைய பாட்டு மட்டும் எழுதுபவர் என்று நினைத்துவிடக் கூடாது. தமிழில் நாவல் என்பதே புதிதாக இருந்தது. முதல் நாவலான பிரதாப முதலியார் சரித்திரம் 1879இல் அச்சானது; சித்தி லெப்பையின் அசன்பே சரித்திரம் 1885இல். அடுத்த சில ஆண்டுகளில், ரெயினால்ட்ஸ் ஆங்கிலத்தில் எழுதிய உமர் பாஷா நாவலை நம் நாவலர் உமறு பாஷாவின் யுத்த சரித்திரம் என்று தமிழில் தந்தார். துருக்கிக்கும் ருஷ்யாவுக்கும் நடந்த யுத்தத்தை வைத்துப் பின்னிய கதை. யமகமும் திரிபும் பாடிய கை, ஆங்கிலக் கதையைத் தமிழ் வசனமாக்கவும் தயங்கவில்லை.

கன்ஜுல் கராமத்தைப் பாட்டில் எழுதாமல் வசனத்தில் எழுதினாரே, அதற்குக் காரணம் இருக்க வேண்டும். நாயகம் அவர்களைப் பற்றிப் புராணம் பாடி முடித்தவர் அதே சரித்திரத்தை மறுபடியும் ஏன் எழுத வேண்டும்? புராணத்தைப் படிக்கத் தமிழ்ப் புலமை வேண்டும். கப்பலில் வருகிறவருக்கும், கடையில் கணக்கு எழுதுகிறவருக்கும், அடுப்படியில் இருக்கும் பெண்ணுக்கும் வசனம்தான் எட்டும். அவர் நம்மைப் போன்றவர்களை நினைத்துத்தான் எழுதினார் என்று எடுத்துக்கொள்கிறோம். ஓட்டை விழுந்து மூழ்க இருந்த கப்பலை, நாயகம் அவர்கள் கையிலிருந்த கண்ணாடியை எறிந்து காத்த கதையை நம் வீடுகளில் எல்லோரும் சொல்வார்கள். கடலில் பிழைப்பவன் அந்தக் கதையை விட்டுவிட்டு வருவானா? சூலியா தெருவில் நாகூர் தர்கா ஏன் வந்தது என்ற கேள்விக்கு நமக்குத் தெரிந்த விடை அதுதான். சிங்கப்பூரில் தெலுக் ஆயர் தெருவில் 1830க்குள் எழுந்த தர்காவும் கப்பலிலிருந்து இறங்கும் கரைக்கு அருகேதான் நின்றது. கராமத்துகளை எவ்வளவு தூரம் ஏற்பது என்ற வாதம் நம் உறுப்பினர்களிடையே உண்டு. அது இருக்கட்டும். கதை தெரிந்தால்தான் வாதமும் செய்ய முடியும்.

1901இல் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். அதில் நாவலரும் புலவராக இடம்பெற்றார். சங்கத்தின் மீது அவர் பாடிய நூலுக்குப் புலவராற்றுப்படை என்று பெயர். பரிசு பெற்றுத் திரும்பும் புலவர், வறுமையில் வாடும் மற்றொரு புலவரை எதிர்ப்பட்டு, இன்னாரிடம் போ என்று வழி சொல்வது ஆற்றுப்படை. பழம் புலவர்கள் அரசனிடம் வழிகாட்டினார்கள். நக்கீரர் முருகனிடம் வழிகாட்டினார். நாவலரோ ஒரு சங்கத்துக்கு வழிகாட்டினார். அரசனிடம் போகாதே, சங்கத்துக்குப் போ என்கிற அந்த மாற்றம் நம்மைப் போல் சங்கம் வைத்து நடத்துபவர்களுக்குக் கொஞ்சம் பெருமையாகவும் கொஞ்சம் கூச்சமாகவும் இருக்கிறது. நான்காம் சங்கத்து நக்கீரர் என்று அவரைத் தமிழுலகம் அழைத்தது.

1908இல் நாவலர் வபாத்தானார். அவருடைய மகனார் ஆரிபு நாவலரும் புலவராக விளங்கினார்.

வித்தியா விசாரிணியின் பழைய இதழ் ஒன்றாவது கிடைக்குமா என்று நம் வீடுகளில் விசாரித்தோம். கிடைக்கவில்லை. கடையைக் காலி செய்தபோது மாடியில் இருந்த தமிழ்க் காகிதங்களையெல்லாம் எடைக்குப் போட்டுவிட்டோம் என்று இரண்டு வீட்டார் சொன்னார்கள். அவர்களிடம் வருத்தப்பட நமக்கு உரிமையில்லை. வாசிக்க ஆளில்லாத காகிதம் யாருக்கும் பாரம்தான்.

மேலட்டை இல்லாத அந்தக் கன்ஜுல் கராமத்தின் பின்பக்க வெற்றுத்தாளில், மங்கிய மையில் அறபுத் தமிழில் சில வரிகள் இருந்தன. நம் ஹஜ்ரத் ஒருவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்துச் சொன்னார். வீட்டில் பிறந்த பிள்ளைகளின் பெயரும் பிறையும் கிழமையும். ஒரு பிள்ளையின் பெயருக்கு நேரே இறந்த நாளும் இருந்தது. அப்படி ஒரு பிள்ளை பிறந்ததே அவ்வீட்டாருக்கு அன்றுதான் தெரிந்தது. நூலைப் படியெடுத்துச் சங்க அலுவலகத்தில் வைத்துவிட்டு, மூலத்தைத் துணியில் சுற்றி அவர்களிடமே திருப்பிக் கொடுத்திருக்கிறோம். உங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டில் இதுபோல் ஏதேனும் இருந்தால், எடைக்குப் போடுமுன் ஒருமுறை அலுவலகத்துக்குக் கொண்டுவந்து காட்டுங்கள். மாலை அஸருக்குப் பிறகு ஆள் இருக்கும்.