அரசியலமைப்பின் முதல் வரைவைத் தந்த பி.என். ராவ்: உறுப்பினராக இல்லாமலே உழைத்த சட்ட மேதை

புது தில்லி: இந்திய அரசியலமைப்பு ஏற்கப்பட்ட நவம்பர் 26-ஆம் தேதி, நாடு முழுவதும் அரசியலமைப்பு தினமாகக் கொண்டாடப்படுகிறது. அந்நாளில் டாக்டர் அம்பேத்கருடன் சேர்த்து நினைக்கத்தக்க மற்றொரு பெயர் பெனகல் நரசிங்க ராவ் என்னும் பி.என். ராவ். அரசியல் நிர்ணய சபையில் அவருக்கு இருக்கையும் இல்லை, வாக்கும் இல்லை. ஆயினும் அச்சபை விவாதித்த அரசியலமைப்பின் முதல் வரைவு அவரது மேசையில்தான் உருவானது.

1887 பிப்ரவரி 26-இல் பிறந்த ராவ், மங்களூரில் பள்ளிக் கல்வியையும் சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டப்படிப்பையும் முடித்தார். பின்னர் கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரியில் பயின்று ஐ.சி.எஸ். பணியில் சேர்ந்தார். ரிசர்வ் வங்கியின் ஆளுநராக இருந்த பெனகல் ராமராவும், பத்திரிகையாளரும் அரசியல் நிர்ணய சபை உறுப்பினருமான பி. சிவராவும் இவருடைய சகோதரர்கள்.

1935-ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டத்துக்கு ஏற்ப நாட்டின் சட்டங்களைத் திருத்தியமைக்கும் பணி அவருக்கு நற்பெயரைத் தந்தது. கல்கத்தா உயர் நீதிமன்ற நீதிபதியாகவும், சிந்து நதிநீர்த் தகராறை விசாரித்த ஆணையத்தின் தலைவராகவும், ஜம்மு காஷ்மீர் சமஸ்தானத்தின் பிரதமராகவும் அவர் பணியாற்றினார். இந்துப் பெண்களின் சொத்துரிமை உள்ளிட்டவற்றை ஆராய்ந்த இந்துச் சட்டக் குழுவும் அவரது தலைமையிலேயே இயங்கியது.

1946-இல் அவர் அரசியல் நிர்ணய சபையின் அரசியலமைப்பு ஆலோசகராக நியமிக்கப்பட்டார். பல நாடுகளின் அரசியலமைப்புகளை ஒப்பிட்டுத் தொகுத்த குறிப்புகளை உறுப்பினர்களுக்கு வழங்கினார். நீதிமன்றத்தை நாடிப் பெறத்தக்க உரிமைகள் வேறு, அரசுக்கு வழிகாட்டும் நெறிகள் வேறு என்று பிரித்து வைக்கலாம் என, அயர்லாந்தை முன்மாதிரியாகக் கொண்டு பரிந்துரைத்தார். 1947 அக்டோபரில் 243 பிரிவுகளும் 13 அட்டவணைகளும் கொண்ட வரைவை முடித்தார். அம்பேத்கர் தலைமையிலான வரைவுக் குழு அதை ஆராய்ந்து, மாற்றியமைத்து, 1948 பிப்ரவரியில் 315 பிரிவுகள் கொண்ட வரைவாக வெளியிட்டது.

இதற்கிடையே அமெரிக்கா, கனடா, அயர்லாந்து, பிரிட்டன் ஆகிய நாடுகளுக்குச் சென்று சட்ட வல்லுநர்களை ராவ் சந்தித்தார். அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி பெலிக்ஸ் ஃபிராங்ஃபர்ட்டருடன் நடந்த உரையாடல் பெரும் விளைவை ஏற்படுத்தியது. ஒருவரின் உயிரையும் சுதந்திரத்தையும் பறிக்கும் சட்டம் நியாயமானதா என்று ஆராயும் அதிகாரம் நீதிபதிகளிடம் இருந்தால், மக்கள் பிரதிநிதிகள் இயற்றும் சமூக நலச் சட்டங்களையும் அவர்கள் முடக்கிவிடக்கூடும் என்ற அச்சம் ராவுக்கு வலுப்பட்டது. அதன்படி, உரிய சட்ட நெறிமுறை என்ற அமெரிக்கக் கோட்பாடு கைவிடப்பட்டு, சட்டம் வகுத்த நடைமுறை என்ற சொற்றொடர் 21-ஆவது பிரிவில் இடம்பெற்றது. சபையில் இதற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. கைது, தடுப்புக் காவல் தொடர்பான பாதுகாப்புகள் 22-ஆவது பிரிவாகப் பின்னர் சேர்க்கப்பட்டன.

அந்தச் சொல் மாற்றத்தின் விலை விரைவிலேயே தெரிந்தது. சென்னை மாகாணத்தில் தடுப்புக் காவலில் வைக்கப்பட்ட கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் தொடுத்த வழக்கில், சட்டம் முறையாக இயற்றப்பட்டிருந்தால் போதும், அது நியாயமானதா என்று ஆராய வேண்டியதில்லை என்ற வகையில் 1950-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நடைமுறை நியாயமாகவும் இருக்க வேண்டும் என்ற நிலைப்பாட்டுக்கு நீதிமன்றம் வந்து சேர, 1978-இன் மேனகா காந்தி வழக்குத் தீர்ப்பு வரை நாடு காத்திருக்க வேண்டியிருந்தது. தனிமனித சுதந்திரத்தின் காவலர் நாடாளுமன்றமா, நீதிமன்றமா என்ற கேள்வி இன்றும் ஓய்ந்துவிடவில்லை.

1949 நவம்பர் 25-இல் சபையில் நிறைவுரை ஆற்றிய அம்பேத்கர், தமக்கு அளிக்கப்பட்ட பாராட்டில் ஒரு பகுதி ராவுக்கு உரியது என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அண்டை நாடான பர்மாவின் அரசியலமைப்பு உருவாக்கத்திலும் ராவின் உதவி இருந்தது.

பின்னர் ஐ.நா.வில் இந்தியாவின் பிரதிநிதியான அவர், கொரியப் போர் வெடித்த 1950 ஜூன் மாதத்தில் பாதுகாப்பு கவுன்சிலின் தலைவராக இருந்தார். 1952-இல் சர்வதேச நீதிமன்ற நீதிபதியானார். பதவிக் காலம் முடியும் முன்பே, 1953 நவம்பர் 30-இல் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் காலமானார்.