ஸர் ஜைல்ஸ் கில்பர்ட் ஸ்காட்

இங்கிலாந்து தேசத்து லிவர்ப்பூல் நகரிலே, குன்றொன்றின்மீது செந்நிறக் கல்லால் எழுப்பப்பட்ட பேராலயம் ஒன்று உளது. அதனைச் சமைத்த சிற்பியே ஸர் ஜைல்ஸ் கில்பர்ட் ஸ்காட் என்பார். இவர் 1880-ம் ஆண்டு லண்டனிற் பிறந்தார். பாட்டனாரும் தந்தையாரும் கட்டடக் கலையிற் பேர்பெற்றவர்கள். எனினும் தந்தையார் சித்தப்பிரமையால் வருந்தி 1897-ல் காலஞ்சென்றார். மைந்தர் அக்கலையை டெம்பிள் மூர் என்பவரிடம் பயின்றார்.

லிவர்ப்பூலில் பேராலயம் அமைத்தற்குப் படம் வரைந்தனுப்புமாறு அறிவிப்பு வெளிவரவே, நூற்றுவர்க்கு மேற்பட்டோர் போட்டியிட்டனர். 1903-ல் வெற்றி பெற்றவரோ 22 வயதே நிரம்பிய ஸ்காட். அதுவரை அவர் வரைந்து உருப்பெற்றது, புகைக்குழாய்களை வைக்கும் ஒரு சிறு தாங்கியேயாம்! ஆங்கிலத் திருச்சபையாரின் ஆலயத்துக்கு ரோமன் கத்தோலிக்கர் ஒருவர் சிற்பியாகலாமோ என்ற ஆட்சேபமும் கிளம்பிற்று. ஆகவே முதியவரான பாட்லி என்பாரையும் உடன் நியமித்தனர். இருவர்க்கும் மனம் ஒத்துவரவில்லை. பாட்லி அமெரிக்காவிலும் ஆலய வேலைகளை ஏற்கவே, கசப்புற்ற ஸ்காட் விலகிக்கொள்ளும் தறுவாயில் இருந்தார். அப்பொழுது, 1907-ல், பாட்லி இறந்தார்.

இனித் தடை சொல்வார் இல்லை. ஆயினும் ஸ்காட் இப்பொழுது தமக்குத் தாமே தடையானார். பரிசு பெற்ற தம் படத்திலேயே அவருக்குத் திருப்தியில்லை. ஏழாம் எட்வர்ட் மன்னர் 1904-ல் அடிக்கல் நாட்டி, வேலையும் நடந்துவந்தது. அந்நிலையில், 1910-ல், இரட்டைக் கோபுரங்களை நீக்கி, நடுவே ஒரே பெருங்கோபுரம் அமைத்தல் வேண்டுமெனக் குழுவினரிடம் விண்ணப்பித்தார். முப்பது வயதினர் ஒருவர் சொல்லுக்கு அக்குழுவினர் இசைந்தது அவருடைய திறமைக்கும் அவர்களுடைய துணிவுக்கும் ஒருங்கே சான்றாகும். இன்று நாம் காணும் 331 அடிக் கோபுரம் அவ்வாறு பிறந்ததே.

1924-ல் ஆலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டபோது அவருக்கு ‘ஸர்’ பட்டம் கிடைத்தது. அவ்வாண்டிலேயே தெருக்களில் நிறுத்தும் தொலைபேசிக் கூண்டுக்கும் படம் வரைந்து வெற்றி பெற்றார். ஆலயத்தை அறியாதாரும் அச்சிவப்புக் கூண்டினை அறிவர். பாட்டர்ஸீ மின்சார நிலையத்தின் புறத்தோற்றம், கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலைப் புத்தகசாலை, புதிய வாட்டர்லூ பாலம் ஆகியனவும் அவர் கைவண்ணமே. 1941-ல் குண்டுவீச்சால் அழிந்த காமன்ஸ் சபை மண்டபத்தையும் அவரே திரும்ப அமைத்தார். அது 1950-ல் திறக்கப்பட்டது.

யுத்தம் நடந்துகொண்டிருந்த 1942-ல், ஸ்காட் தாமே லிவர்ப்பூல் கோபுரத்தின் உச்சிக்கேறிக் கடைசிச் சிகரக்கல்லைப் பொருத்தினார். மேற்குப் பகுதி மட்டும் எஞ்சி நின்றது. 1960-ல் அவர் உயிர் நீத்தபோதும் அது முடியவில்லை. பின்வந்தோர் அவர் படத்தை எளிதாக்கி 1978-ல் நிறைவேற்றினர். கத்தோலிக்கராகவே வாழ்ந்து மறைந்த அவருடைய கல்லறை, அவ்வாலயத்தின் மேற்குவாயிலுக்குப் புறத்தே உளது.