புயலுக்குப் பிறகும் அடிமைக் கப்பல்: ஜான் நியூட்டனின் நீண்ட மனந்திரும்புதல்

‘அமேசிங் கிரேஸ்’ பாடலைக் கேட்காத கிறிஸ்தவர்கள் குறைவு. அதை எழுதியவர் அடிமைக் கப்பலில் கேப்டனாக இருந்தவர் என்பதும் பலருக்குத் தெரியும். புயலில் சிக்கினார், மனம் திரும்பினார், உடனே அந்தத் தொழிலை விட்டார் என்றுதான் பெரும்பாலும் சொல்லக் கேட்கிறோம். ஆனால், அந்த ‘உடனே’ நடக்கவே இல்லை.

ஜான் நியூட்டன் 1725-இல் லண்டனில் பிறந்தார். தந்தை கப்பல் கேப்டன். வேதாகமம் சொல்லிக்கொடுத்த தாயார், மகனுக்கு ஏழு வயது நிறைவதற்குள் காலமானார். 11 வயதில் கடலுக்குப் போன நியூட்டன், 1744-இல் கட்டாயமாகக் கடற்படையில் சேர்க்கப்பட்டார். தப்பியோடிப் பிடிபட்டதால் சவுக்கடி கிடைத்தது. பின்னர் ஆப்பிரிக்காவின் சியாரா லியோன் கரையில், அடிமை வியாபாரி ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே காய்ச்சலில் கிடந்தபோது குடிக்கத் தண்ணீர்கூடச் சரியாகக் கிடைக்கவில்லை. பசி தாங்காமல் இரவில் கிழங்குகளைப் பிடுங்கிப் பச்சையாகவே தின்றார். அந்த நாட்களில், சங்கிலியில் கிடந்த அடிமைகள் தங்களுக்குக் கிடைத்த கொஞ்ச உணவிலும் ஒரு பங்கை அவருக்கு ரகசியமாகக் கொடுத்தார்கள்.

1748 மார்ச்சில், அவர் நாடு திரும்பிக்கொண்டிருந்த ‘கிரேஹவுண்ட்’ கப்பல் அட்லாண்டிக்கில் புயலில் சிக்கியது. உள்ளே புகுந்த நீரை மணிக்கணக்கில் இறைத்த நியூட்டன், பல ஆண்டுகளுக்குப் பிறகு கடவுளிடம் இரக்கம் கேட்டார். மார்ச் 21-ஆம் தேதியை ஆண்டுதோறும் நினைவுகூர்ந்தார்.

அதே ஆண்டு அவர் மீண்டும் அடிமைக் கப்பலில் ஏறினார், இம்முறை துணை அதிகாரியாக. ஆப்பிரிக்கக் கரையில் ஏற்றிய 218 பேரில் 62 பேர் அமெரிக்காவின் தென் கரோலினாவை அடையுமுன் இறந்தார்கள். 1750 முதல் மூன்று பயணங்களுக்கு அவரே கேப்டன். ஞாயிற்றுக்கிழமைகளில் மேல்தளத்தில் மாலுமிகளுக்கு வழிபாடு நடத்தினார். கீழ்த்தளத்தில் மனிதர்கள் விலங்கிடப்பட்டுக் கிடந்தார்கள். கலகம் செய்யத் திட்டமிட்டதாகச் சந்தேகிக்கப்பட்டவர்களின் விரல்களை இரும்புத் திருகில் நெரித்து விசாரித்தார். மனைவி மேரிக்கு உருக்கமான அன்புக் கடிதங்களும் அதே கப்பலிலிருந்துதான் எழுதினார். இங்கிலாந்தில் அது அன்று மதிப்பான தொழில். அவர் கண்ணுக்கும் அது பாவமாகத் தெரியவில்லை. 1754-இல் தொழிலை விட்டதற்கும் மனசாட்சி காரணமல்ல. திடீரென மயங்கி விழுந்ததால் கடலுக்குப் போக முடியாமல் போனது.

லிவர்பூல் துறைமுகத்தில் அதிகாரியாக வேலை பார்த்துக்கொண்டே கிரேக்கமும் எபிரேயமும் கற்றார். 1764-இல் ஓல்னி என்ற சிற்றூரில் போதகரானார். அங்கே, கடும் மனச்சோர்வில் தவித்த கவிஞர் வில்லியம் கூப்பரை ஓராண்டுக்கும் மேலாகத் தம் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டார். கூப்பர் முழுமையாகக் குணமடையவில்லை. நட்பு முறியவும் இல்லை. 1773 புத்தாண்டு வழிபாட்டுக்காக எழுதிய பாடல்தான் ‘அமேசிங் கிரேஸ்’.

வேதாகமத்தில் வரும் வரி வசூலிப்பவன் சகேயு, இயேசு தன் வீட்டுக்கு வந்த அன்றே, ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தர முன்வந்தான். நியூட்டன் தம் கணக்கைத் திறக்க 34 ஆண்டுகள் எடுத்துக்கொண்டார். 1788-இல் வெளியிட்ட சிறு நூலில் தம் பங்கை ஒப்புக்கொண்டார். அலமாரியில் புத்தகம் அடுக்குவதுபோல மனிதர்களைக் கப்பலில் அடுக்கியதை விவரித்தார். 62 பேர் இறந்த கணக்கும் அதில் இருக்கிறது. பிறகு நாடாளுமன்றக் குழுவின் முன்பும் சாட்சி சொன்னார். அதற்கு முன்பே, 1785-இல், அரசியலை விட்டு ஊழியத்துக்குப் போகலாமா என்று கேட்டு ரகசியமாகத் தம்மைத் தேடி வந்த வில்லியம் வில்பர்ஃபோர்ஸை நாடாளுமன்றத்திலேயே இருக்கும்படி அறிவுறுத்தியவரும் அவர்தான்.

1807 மார்ச்சில் பிரிட்டன் அடிமை வியாபாரத்தைத் தடை செய்தது. அடிமை முறைக்கே முடிவு கட்டும் சட்டம் வர 1833 ஆனது. அதன் பிறகு மொரீஷியஸ் கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியர்கள் சஞ்சிக்கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டார்கள். மலாயாத் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோர் பலரைக் கட்டிப்போட்டதும் அதே சஞ்சிக்கூலி முறைதான்.

பார்வை மங்கிப்போயிருந்த நியூட்டன், தடைச் சட்டம் வந்த அதே ஆண்டு டிசம்பர் 21-இல், 82 வயதில் காலமானார். தம் நினைவுக் கல்லுக்கான வாசகத்தை அவரே எழுதி வைத்திருந்தார். ஒரு காலத்தில் கடவுளை மறுத்து ஒழுக்கம் கெட்டு வாழ்ந்ததையும், ஆப்பிரிக்காவில் அடிமைகளுக்கே ஊழியனாகக் கிடந்ததையும், பின்னர் மன்னிப்புப் பெற்றதையும் அது சொல்கிறது. அடிமைகளை விற்றதைப் பற்றி அந்தக் கல்லில் ஒரு சொல்லும் இல்லை. அது 1788-இல் வந்த நூலில் இருக்கிறது.