கணக்காசிரியர் ஆதாம் ரீஸ்

ஜெர்மனியின் பவேரிய மாகாணத்தில் மெயின் நதியை அடுத்து பாட் ஸ்டாஃபல்ஸ்டைன் என்னும் சிற்றூர் உள்ளது. 1975-ல் அங்கே பூமியைத் துளைத்தபோது உப்பு கலந்த வெந்நீர் கிடைத்தது. அதில் நீராடிச் சுகம் பெறப் பலர் வருகின்றனர். ஸ்நான நகரம் என்பதைக் குறிக்கும் 'பாட்' என்னும் அடைமொழி 2001-ல்தான் சேர்ந்தது. ஆயினும் இவ்வூரை நாம் நினைவுகூர்வது வெந்நீருக்காக அன்று. 1492-ஆம் வருஷத்தையொட்டி அங்கே பிறந்த ஆதாம் ரீஸுக்காகவே.

அக்காலத்தில் ஜெர்மனியில் கணக்குப் பார்ப்பது சாமானியருக்கு எட்டாத வித்தை. மேசையில் கோடுகள் வரைந்து, அவற்றின்மேல் வில்லைகளை வைத்தும் எடுத்தும் கூட்டிக் கழிப்பார்கள். விடையை ரோம எண்களில் எழுதுவார்கள். கற்றோரின் கணித நூல்களோ லத்தீனில் இருந்தன. கணக்கறியாத ஏழை, வியாபாரி சொன்ன தொகையைக் கொடுத்துவிட்டுப் போகவேண்டியவனே.

ரீஸ் 1518-ல் எர்ஃபர்ட் நகரில் கணக்குப் பள்ளி நடத்தத் தொடங்கினார். கோட்டுக் கணக்கைப் பற்றிய அவருடைய முதல் நூலும் அக்காலத்ததே. 1522-ல் வந்த இரண்டாம் நூலில், வில்லைகளில் தொடங்கி, பேனாவால் எழுதிக் கணக்கிடும் முறைக்கு மாணாக்கனைப் படிப்படியாக அழைத்துச் சென்றார். அம்முறைக்கு ஆதாரமான பூஜ்யமும் ஸ்தான மதிப்பும் நம் பாரத நாட்டிலிருந்து அராபியர் வழியாக ஐரோப்பாவை அடைந்தவை என்பதை நேயர்கள் அறிவர். தாய்மொழியில் கணக்கு நூல் எழுதியவர்களில் அவர் முதல்வர் அல்லர். முன்னும் சிலர் உண்டு. ஆனால் தொழில் பழகும் பையனுக்குப் புரியுமாறு, சந்தையிலும் பட்டறையிலும் எழும் கணக்குகளையே உதாரணங்களாக எடுத்துக்கொண்டு அவர் எழுதினார். அந்நூல் நூறு பதிப்புகளுக்கு மேல் கண்டதில் வியப்பில்லை.

பின்னர் வெள்ளிச் சுரங்கங்களால் செழித்த அன்னபர்க் நகரில் குடியேறி, சுரங்கக் கணக்குகளை எழுதும் உத்தியோகத்தில் அமர்ந்தார். அவ்வூருக்காக 1533-ல் அவர் தொகுத்த ரொட்டி அட்டவணையே நம் மனத்தை மிகக் கவர்கிறது. ஒரு பென்னி ரொட்டியின் விலை மாறாது. தானிய விலை ஏறினால் எடை குறையும், இறங்கினால் கூடும். எந்த விலைக்கு எவ்வளவு எடை என்பதை ரீஸ் கணக்கிட்டு வைத்தார். ரொட்டி சுடுவோர் இஷ்டப்படி எடையைக் குறைக்க அதன்பின் இடமில்லை. தராசு கையிலுள்ள எவரும் அதிகாரியின் தயவின்றியே மோசடியைக் கண்டுபிடிக்கலாம். சட்டத் தொழிலில் பழகிய நமக்கு, நீண்ட தண்டனை விதிகளைவிட இத்தகைய ஓர் அட்டவணை மேலாகத் தோன்றுகிறது.

அவர் 1559-ல் காலமானார். ஒரு கணக்கின் விடை சரியென்று வற்புறுத்தும்போது, ஆதாம் ரீஸின் முறைப்படி என்று சொல்வது ஜெர்மானியர் வழக்கமாகிவிட்டது. ஆனால் 1524-ல் அவர் எழுதி முடித்த பீஜகணித நூல் மட்டும் கையெழுத்துப் பிரதியாகவே கிடந்தது. அது அச்சேறியது 1992-ல்.